பயோமெடிக்கல் ஆராய்ச்சியில் இறங்குகிறீர்களா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பயோமெடிக்கல் இன்ஜினியரிங் துறையில் பிஎச்.டி.க்கு அப்ளிகேஷன் போட்டிருக்கிறீர்கள், அல்லது சேர்ந்து சில மாதம் ஆகிறது. துறையின் ஆசிரியர் பட்டியலைப் பாருங்கள். ஒருவர் எலக்ட்ரானிக்ஸ், ஒருவர் மெக்கானிக்கல், ஒருவர் மெட்டீரியல்ஸ், இன்னொருவர் உயிரியல், கூடவே மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்துபோகும் டாக்டர்கள். இந்தக் கலவைதான் துறையின் பலம். ஸ்காலர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். இன்ஜினியரிங் கைடு பேப்பர் கேட்பார், டாக்டர் வார்டில் ஓடும் கருவி கேட்பார், எத்திக்ஸ் கமிட்டி ஆவணம் கேட்கும். மூன்றுக்கும் நடுவில் நல்ல மாணவர்கள் வருஷக்கணக்கில் நகராமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்குத் திறமையில் குறை இல்லை, முன்கூட்டிச் சொல்ல ஆள்தான் இல்லை. நீங்கள் அந்த இடத்தில் நிற்கக் கூடாது.

செய்ய வேண்டியவை

கைடின் சமீபத்திய பேப்பர்களைத் திறந்து, டாக்டர்கள் பெயர் இருக்கிறதா பாருங்கள். 'இன்டர்டிசிப்ளினரி' என்று எல்லாத் துறைகளும் போட்டுக்கொள்கின்றன. ஒரே டாக்டரின் பெயர் மூன்று நான்கு பேப்பரில் திரும்பத் திரும்ப வந்தால் அந்த உறவு நிஜம். ஒவ்வொரு பேப்பரிலும் ஒரு புதுப் பெயர் வந்து மறைந்தால், டேட்டா வாங்கியதோடு பழக்கம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கைடு எப்போது ரிட்டையர் ஆகிறார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. விதிகளின்படி, ஓய்வுக்கு மூன்று வருஷத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஸ்காலரை எடுக்க முடியாது. மூன்று வருஷமும் சில மாதமும் மிச்சம் இருப்பவர் எடுக்கலாம். ஆனால் மருத்துவமனையை நம்பிய ஆராய்ச்சி மூன்று வருஷத்தில் முடிவது அபூர்வம். அதே விதிகளில் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு: பேராசிரியருக்கு 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. உங்களுக்குச் சொன்ன இடம் உண்மையிலேயே காலியாக இருக்கிறதா என்று அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். ஐ.ஐ.டி.களுக்குத் தனி விதிகள். அங்கேயும் இந்தக் கேள்வியைக் கேட்கத் தவறாதீர்கள்.

உங்கள் பட்டம் எந்தப் பீடத்தின் கீழ் பதிவாகும் என்று பாருங்கள். பி.இ. மெக்கானிக்கல், எம்.இ. மெடிக்கல் எலக்ட்ரானிக்ஸ், பிஎச்.டி. இன்னொரு பீடம் என்று ஆகிவிட்டால், நாளைக்கு ஆசிரியர் வேலைக்குப் போகும்போது 'சம்பந்தப்பட்ட பிரிவில் பட்டம்' என்ற ஒரே வரியில் உங்கள் விண்ணப்பம் ஒதுக்கப்படலாம். நீங்கள் விரும்பும் வேலைக்கு வந்த பழைய விளம்பரம் ஒன்றை எடுத்து, உங்கள் தகுதியோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய ஸ்காலர்கள் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். ஒருவர் முடித்தவராக இருக்கட்டும், இன்னொருவர் பாதியில் விட்டவராக இருக்கட்டும். இரண்டாமவர் சொல்வதைக் கூடுதல் கவனத்தோடு கேளுங்கள்.

மருத்துவமனைப் பக்கம் ஒரு கோ-கைடை எழுத்தில் பெறுங்கள். "டாக்டர் நமக்குத் தெரிந்தவர்தான், உதவி செய்வார்" என்பது ஏற்பாடு ஆகாது. அரசு மருத்துவக் கல்லூரி டாக்டருக்கு டிரான்ஸ்ஃபர் வரும். தனியார் மருத்துவமனை டாக்டர் வேறிடம் மாறுவார். டாக்டரல் கமிட்டியில் பெயர் இருந்து, மருத்துவமனை நிர்வாகத்தின் கடிதமும் ஃபைலில் இருந்தால், அவர் போனாலும் அந்த இடத்துக்கு இன்னொருவரைக் கேட்க உங்களுக்கு வழி இருக்கும்.

முதல் செமஸ்டரிலேயே வார்டுக்குப் போங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் நல்ல பிரச்சினை லேபில் கிடைப்பதில்லை. 1957 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் கரண்ட் போனது. அந்தக் காலத்துப் பேஸ்மேக்கர் சுவர் பிளக்கில் சொருகி ஓடியது. அதை நம்பியிருந்த ஒரு குழந்தை இறந்தது. இதய அறுவை நிபுணர் வால்டன் லில்லெஹை, மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்க வந்துபோன எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் ஏர்ல் பேக்கனிடம் இதற்கு வழி கேட்டார். பேக்கன் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வந்திருந்த மெட்ரோனோம் சர்க்யூட்டை எடுத்து, டிரான்சிஸ்டர் வைத்து, பேட்டரியில் ஓடும்படி நான்கே வாரத்தில் செய்து கொடுத்தார். அவர் கேரேஜில் தொடங்கிய கம்பெனிதான் மெட்ரானிக். பழுது பார்க்கப் போகும் சாக்கில் ஆபரேஷன் தியேட்டர் வரை பேக்கனுக்குப் பழக்கம் இருந்தது. டாக்டரின் அவசரம் அதனால்தான் அவர் காதுக்கு நேராக வந்தது.

இந்தப் பழக்கத்தைத் தற்செயலுக்கு விடாமல் பாடத்திட்டமாகவே வைத்த இடங்கள் நம் நாட்டில் உண்டு. டெல்லி ஐ.ஐ.டி.யும் எய்ம்ஸும் சேர்ந்து 1971-லேயே பயோமெடிக்கல் இன்ஜினியரிங் மையத்தைத் தொடங்கின. சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.டெக். நடத்துகின்றன. உங்கள் கல்லூரியில் அப்படி ஏற்பாடு இல்லையென்றால் நீங்களே கேட்டு வாங்குங்கள். வாரம் ஒரு காலை ரவுண்ட்ஸில் பின்னால் நின்று பார்க்க அனுமதித்தால் போதும்.

டாக்டரோடு நிற்காமல் ஸ்டாஃப் நர்ஸ், டெக்னீஷியன், பிசியோதெரபிஸ்ட் எல்லோரிடமும் கேளுங்கள். கருவியை ராத்திரி முழுக்கக் கையாள்பவர்கள் அவர்கள். அலாரம் ஏன் அணைக்கப்படுகிறது, பிரோப் ஏன் டேப் போட்டு ஒட்டப்படுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். 1968-ல் வந்த 'ஜெய்ப்பூர் கால்' என்ற செயற்கைக் காலை டாக்டர் பி.கே. சேத்தி தனியாகச் செய்யவில்லை. ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரின் கைதான் அதற்கு வடிவம் கொடுத்தது. சம்மணம் போட்டு உட்கார, செருப்பில்லாமல் வயலில் நடக்க நம் மக்களுக்கு என்ன வேண்டும் என்று அந்த இருவரும் சேர்ந்து யோசித்தார்கள்.

எத்திக்ஸ் கமிட்டி விண்ணப்பத்தை இந்த மாதமே எழுதத் தொடங்குங்கள். ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதலின்படி கமிட்டியில் 7 முதல் 15 பேர் இருப்பார்கள். தலைவர் வெளியாள். சட்டம் தெரிந்தவரும், எந்தத் துறையையும் சாராத பொதுமனிதர் ஒருவரும் இருப்பார்கள். அந்தப் பொதுமனிதருக்குப் புரிகிற தமிழில் ஒப்புதல் படிவத்தை எழுதுங்கள். இன்ஜினியரிங் கல்லூரிக்கு ஒரு கமிட்டி, மருத்துவமனைக்கு ஒரு கமிட்டி என்று இருந்தால் இரண்டின் சம்மதமும் தேவையா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று முடிந்து இன்னொன்றுக்குக் காத்திருப்பதில்தான் மாதங்கள் கரைகின்றன.

ஏ.ஐ. வேலை என்றால் டேட்டாவை நோயாளிவாரியாகப் பிரியுங்கள். ஒரே நோயாளியின் பத்து ஸ்கேனில் எட்டு டிரெயினிங்கிலும் இரண்டு டெஸ்டிங்கிலும் போனால், மாடல் நோயைப் படிக்காமல் ஆளை அடையாளம் கண்டு மார்க் வாங்கிவிடும். 99 சதவீதம் வந்தால் சந்தோஷப்படுமுன் சந்தேகப்படுங்கள். கொரோனா காலத்தில் மார்பு எக்ஸ்ரே, சி.டி. வைத்துக் கோவிட் கண்டுபிடிக்கும் பேப்பர்கள் குவிந்தன. 2021-ல் ஒரு ஆய்வுக்குழு 2,212 ஆய்வுகளைத் திரட்டி, அவற்றில் 62-ஐ ஆழமாக அலசியது. மருத்துவமனையில் பயன்படுத்தும் நிலையில் ஒன்றுகூட இல்லை என்று முடித்தது. சில ஆய்வுகள் 'கோவிட் இல்லாதவர்' பக்கத்துக்குக் குழந்தைகளின் எக்ஸ்ரேயை எடுத்திருந்தன. பெரியவரா குழந்தையா என்று பிரித்தாலே அந்த மாடல் ஜெயித்துவிடும். பக்கத்தில் ஒரு ரேடியாலஜிஸ்ட் உட்கார்ந்திருந்தால் படத்தைப் பார்த்ததுமே இதைச் சொல்லியிருப்பார்.

கருவியை நம் ஊர் உடம்புகளில் சோதிக்கத் திட்டமிடுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தோல் வழியாக ஒளியை அனுப்பி அளக்கிறது. 2020-ல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்திருப்பதை அந்தக் கருவி கவனிக்கத் தவறுவது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. பல வருஷமாக உலகமெங்கும் புழக்கத்தில் இருந்த கருவி அது. ஒளியால் அளக்கும் எதைச் செய்தாலும் எல்லா நிறத் தோலிலும் அளந்து பாருங்கள்.

ஸ்டாடிஸ்டிக்ஸ் தெரிந்தவரை டேட்டா எடுக்குமுன் பாருங்கள். எத்தனை நோயாளி வேண்டும் என்பதை அப்போதுதான் அவரால் மாற்ற முடியும்.

பேப்பரில் யார் பெயர், எந்த வரிசை என்பதைத் தொடக்கத்திலேயே மெயிலில் எழுதி வையுங்கள். மருத்துவ ஜர்னல்கள் பின்பற்றும் ஐ.சி.எம்.ஜே.இ. விதியில் நான்கு நிபந்தனைகள் உண்டு: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, கடைசிப் பிரதிக்குச் சம்மதம், முழுப் பேப்பருக்கும் பொறுப்பேற்பு. நான்கும் சேர்ந்தால்தான் ஒருவர் பேப்பரின் ஆசிரியர். மருத்துவத்தில் கடைசிப் பெயருக்குத் தனி மதிப்பு. இன்ஜினியரிங்கில் சில இடங்களில் முதல் இரண்டு பெயர்களைத் தாண்டி யாரும் பார்ப்பதில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் கைடும் டாக்டரும் மனஸ்தாபப்பட்டு, கடைசியில் ஸ்காலரின் தீசிஸ் நின்றுபோகிறது.

செய்யக்கூடாதவை

பேட்டன்ட் ஃபைல் செய்யுமுன் கண்டுபிடிப்பை வெளியில் காட்டாதீர்கள். கான்ஃபரன்ஸ் போஸ்டர், யூடியூப் வீடியோ, கல்லூரி எக்ஸ்போவில் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டி, எல்லாமே வெளியீடுதான். சட்டத்தில் விதிவிலக்குகள் உண்டு, ஆனால் மிகவும் குறுகியவை. முதலில் புரொவிஷனல் விண்ணப்பம் போடுங்கள். முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம் கிடைக்கும். நோயாளிக்குச் சிகிச்சை செய்யும் முறைக்கு இந்தியச் சட்டம் பேட்டன்ட் தராது, அதற்கான கருவிக்குக் கேட்கலாம். இதைத் தெரிந்துகொண்டு கல்லூரியின் ஐ.பி. செல்லுக்குப் போங்கள்.

மெயின் சப்ளையில் ஓடும் சர்க்யூட்டை யார் உடம்பிலும் இணைக்காதீர்கள். லேபில் தினமும் நடக்கிற தவறு இது. ஈ.சி.ஜி. எலக்ட்ரோடை மார்பில் ஒட்டி, போர்டை லேப்டாப்பில் சொருகி, லேப்டாப்பைச் சார்ஜரில் போடுவார்கள். சுவரிலிருந்து உடம்பு வரை மின்சாரத்துக்குப் பாதை போட்டாயிற்று. ஐ.இ.சி. 60601 தரவிதியின்படி, இதயத்தை நேரடியாகத் தொடும் கருவியில் சாதாரண நிலையில் நோயாளிக்குக் கசியக்கூடிய மின்னோட்டம் 10 மைக்ரோ ஆம்பியர்தான். கை ஷாக்கை உணரத் தொடங்குவதே அதைப்போல் நூறு மடங்கு அளவில். அதனால் 'தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் அடிக்கவில்லை' என்பது சோதனையே ஆகாது. பேட்டரியில் ஓட்டுங்கள், ஐசோலேஷன் போடுங்கள், மருத்துவமனையின் பயோமெடிக்கல் டிபார்ட்மென்டில் லீக்கேஜை அளந்து சீட்டு வாங்குங்கள். அதுவரை சிமுலேட்டர் போதும்.

'நம் பசங்கதானே' என்று ஜூனியர்கள்மேல் அனுமதியில்லாமல் சோதிக்காதீர்கள். ஆரோக்கியமான மாணவர் உட்கார்ந்தாலும் அது மனிதர்மீதான ஆராய்ச்சிதான். சீனியர் கேட்கும்போது ஜூனியரால் முடியாது என்று சொல்ல முடிவதில்லை. பேக்கனின் பேட்டரிப் பேஸ்மேக்கர் விலங்குச் சோதனை முடிந்த மறுநாளே ஒரு குழந்தைக்குப் போனது. அது 1957. இன்று அப்படி நடக்கக் கூடாது.

'பழைய ரெக்கார்டுதானே' என்று எத்திக்ஸ் கமிட்டியைத் தாண்டிப் போகாதீர்கள். எஞ்சிய ரத்த மாதிரி, மூன்று வருஷத்துக்கு முந்தைய சி.டி., எதுவானாலும் ஒப்புதலிலிருந்து விலக்கு தருவதா என்று முடிவு செய்வது கமிட்டி. அனுமதித் தேதி டேட்டா எடுத்த தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் ஜர்னல் திருப்பி அனுப்பிவிடும். பின்தேதியிட்டு யாரும் சரிசெய்து தர முடியாது.

நோயாளி பெயரோடு ஸ்கேனை வாட்ஸ்அப்பிலோ பென் டிரைவிலோ வாங்காதீர்கள். டைகாம் ஃபைலுக்குள் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் எல்லாம் இருக்கும். அல்ட்ராசவுண்டில் பெயர் படத்தின் மேலேயே பதிந்திருக்கும், ஹெடரை அழித்தாலும் போகாது. மருத்துவமனைக்குள்ளேயே பெயரை நீக்கி, எண் கொடுத்து, பிறகு வெளியே எடுங்கள்.

கிளினிக்கல் டிரையலை 'நோயாளிகளைச் சேர்த்த பிறகு ரிஜிஸ்டர் செய்துகொள்ளலாம்' என்று விடாதீர்கள். இந்தியாவின் சி.டி.ஆர்.ஐ. பதிவேடு 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்க்குமுன் வரும் பதிவுகளை மட்டுமே ஏற்கிறது. ஒரு நாள் தாமதமானாலும் அந்த டிரையலுக்கு எண் கிடைக்காது.

உங்கள் கருவி எந்த வகுப்பில் வரும் என்று தெரியாமல் டிசைனை முடிக்காதீர்கள். 2017 மருத்துவக் கருவி விதிகள் ஆபத்தைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரிக்கின்றன. தெர்மாமீட்டருக்குக் கேட்பதும் இதய வால்வுக்குக் கேட்பதும் ஒன்றல்ல.

பாதுகாப்பை சாஃப்ட்வேரிடம் மட்டும் ஒப்படைக்காதீர்கள். தெராக்-25 என்ற கதிரியக்கச் சிகிச்சைக் கருவியில், முந்தைய மாடலில் இருந்த ஹார்டுவேர் தடுப்புகளை எடுத்துவிட்டு புரோகிராமை நம்பினார்கள். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் பல மடங்கு அதிகக் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். உயிர்களும் போயின. ஆபரேட்டர்கள் புகார் சொன்னபோது கருவியில் தவறு நடக்க வழியே இல்லை என்று பதில் வந்தது. கோடு எழுதத் தெரிந்தவரும் இயந்திரம் தெரிந்தவரும் சிகிச்சை அறையில் இருப்பவரும் ஒரே மேஜையில் உட்காராவிட்டால் இப்படித்தான் ஆகும்.

தோற்ற புரோட்டோடைப்பைத் தூக்கிப் போடாதீர்கள், ரிப்போர்ட்டிலும் மறைக்காதீர்கள். இதய அறுவை நிபுணர் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இதய வால்வு செய்யத் தொடங்கியபோது முதல் மூன்று மாடல்கள் தோற்றன. நீலக்கல் தட்டு வைத்துப் பார்த்தார்கள், உடைந்தது. வால்வு வருஷத்துக்கு ஏறக்குறைய 4 கோடி முறை திறந்து மூட வேண்டும், எந்தப் பொருள் தாங்கும் என்பதை ஒவ்வொரு தோல்வியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொடுத்தது. பாலிஎத்திலீன் தட்டு வைத்த நான்காவது மாடல்தான் நின்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பிறகு டி.டி.கே. கம்பெனி அதைத் தயாரிக்க, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அறுவை நிபுணரும் இன்ஜினியர்களும் ஒரே நிறுவனத்தில், ஒரே தோல்வியைச் சேர்ந்து பார்த்தார்கள். அது இல்லாமல் நான்காவது முயற்சிக்கு யாரும் காத்திருந்திருக்க மாட்டார்கள்.

கைடு சொன்னதை டாக்டரிடமும், டாக்டர் சொன்னதை கைடிடமும் நீங்களே சுமந்துகொண்டு அலையாதீர்கள். நடுவில் நிற்பவர்மேல்தான் பழி விழும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருவரையும் ஒரே அறையில், முடியாவிட்டால் ஒரே வீடியோ காலில் உட்கார வையுங்கள். முடிவுகளை அன்றே இருவருக்கும் ஒரே மெயிலில் அனுப்புங்கள்.

ஓ.பி. நேரத்தில் டாக்டரைத் தேடிப் போகாதீர்கள். வெளியே நோயாளிகள் காத்திருக்கிறார்கள். எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டு, ஒரு பக்கத்தில் கேள்விகளோடு போங்கள்.

ஒரு வாரத்தில் அக்செப்டன்ஸ் தருகிறேன், பணம் கட்டு என்று மெயில் அனுப்பும் ஜர்னலுக்குப் பேப்பர் கொடுக்காதீர்கள். பெயர் கெடும், திரும்ப எடுக்கவும் முடியாது.

இந்தத் துறையில் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புது ஸ்காலர் முதல் மாதம் உங்கள் அறைக்கு வரும்போது டாக்டரின் போன் நம்பரைக் கொடுத்து 'போய்ப் பார்' என்று அனுப்பாதீர்கள். முதல் தடவை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். அடையாளம் தெரியாத மாணவருக்கு வார்டு வாசலில் கிடைக்கும் பதில் வேறு, உங்களோடு வரும் மாணவருக்குக் கிடைக்கும் பதில் வேறு.

ஸ்காலர்களே, இன்று மாலைக்குள் இரண்டு மெயில் அனுப்புங்கள். ஒன்று, எத்திக்ஸ் கமிட்டியின் மெம்பர் செக்ரட்டரிக்கு: அடுத்த கூட்டம் எப்போது, விண்ணப்பம் எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்று. இன்னொன்று, கைடையும் டாக்டரையும் சேர்த்து: அடுத்த வாரம் மூவரும் அரைமணி நேரம் உட்கார முடியுமா என்று.